பி.ஏ. ஆங்கில இலக்கியம் படிக்க 4 லட்சம் கல்விக் கடன் வாங்கலாமா? பிறகு வரும் சம்பளத்தில் அடைத்துவிட முடியுமா?

2013-ல் இதே கேள்வியோடுதான் நானும் நின்றேன். விவரம் சொல்ல அப்போது ஆள் இல்லை, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். நீங்கள் ப்ளஸ் டூ முடித்து, வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரிக்குப் போகிறவர் என்று வைத்துக்கொள்கிறேன். அப்பாவுக்கு அரசு வேலை, கல்லூரிக்கு வீட்டிலிருந்தே போய்வரலாம் என்றால் இந்தக் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது.

எனக்கு ஊர் மேலூர். அப்பா டெய்லர். சென்னையில் பெயர் வாங்கிய ஒரு கல்லூரியில் இடம் கிடைத்தது, ஆனால் சுயநிதிப் பிரிவில். அதே கல்லூரியில் அரசு உதவி பெறும் பிரிவில் படித்தவர்களுக்கும் எங்களுக்கும் ஒரே பாடத்திட்டம், ஒரே பட்டம். அவர்கள் கட்டியது சில ஆயிரம், நாங்கள் கட்டியது வருடத்துக்கு 48,000. விடுதியும் மெஸ்ஸும் 66,000. புத்தகம், தேர்வுக் கட்டணம் எல்லாம் சேர்த்து 6,000. மூன்று வருடத்துக்கு மொத்தம் 3,60,000, அத்தனையும் வங்கிக் கடன். 4 லட்சத்துக்குள் என்பதால் அடமானம் கேட்கவில்லை, அப்பா கூடக் கையெழுத்துப் போட்டார். வட்டி 12 சதவீதம்.

படிக்கிற மூன்று வருடமும் அதற்கடுத்த ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டாம் என்றார்கள். வட்டி முதல் நாளிலிருந்தே ஓடும் என்பதையும் சொல்லியிருப்பார்கள். எங்கள் காதில் விழுந்தது 'கட்ட வேண்டாம்' மட்டும்தான். 2017 ஜூனில் பாஸ்புக்கைப் பதிந்து வாங்கினால் 4,89,600 என்று இருந்தது. அப்பா துணி வெட்டும் பலகைமேல் பழுப்புக் காகிதத்தை விரித்து, அளவு போடுகிற சாக்கட்டியால் இரண்டு தொகையையும் எழுதிக் கழித்துப் பார்த்தார். "வாங்குனது மூணு அறுபது. மிச்சம் யாரோடதும்மா?" என்றார். மிச்சம் 1,29,600, நான்கு வருட வட்டி. மாதத் தவணை 8,643, அப்படி 84 மாதம்.

அப்போது சென்னையில் எனக்குக் கைக்கு வந்த சம்பளம் 11,500. விடுதி வாடகை 5,500. தவணையில் 5,000 அப்பா அனுப்பினார். அடுத்த வருடம் அம்மாவின் இரண்டு பவுன் சங்கிலி அடகுக்குப் போனது.

நான் சரியாகப் படிக்கவில்லை என்று யாராவது எழுதுவீர்கள். 74 சதவீதம் வாங்கினேன், ஒரு அரியர்கூட இல்லை. கலைப் படிப்பே வீண் என்று சொல்லவும் நான் வரவில்லை. ஒரு வாக்கியத்தில் எங்கே பிசகு என்று பார்த்ததும் தெரிகிற கண்ணை அந்த மூன்று வருடம்தான் கொடுத்தது. இன்று பாடநூல் திருத்தும் வேலையில் 36,000 வாங்குகிறேன் என்றால் அந்தக் கண்ணால்தான். ஆனால் அந்தச் சம்பளம் வந்தது 2022-ல். தவணை வந்தது 2017-ல். இலக்கியம் படித்தவர்களுக்குப் பணம் மெதுவாகத்தான் வரும். பி.எட்., எம்.ஏ., நெட் (கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வு), டி.என்.பி.எஸ்.சி. (அரசுப் பணித் தேர்வு) என்று எந்த வழியில் போனாலும் இன்னும் இரண்டு மூன்று வருடம் காத்திருக்க வேண்டும். கடன் உங்களைக் காத்திருக்க விடாது.

என்னோடு பள்ளியில் படித்த தோழி மேலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் மதுரை போய் ஸ்ரீ மீனாட்சி அரசு மகளிர் கல்லூரியில் அதே பி.ஏ. ஆங்கிலம் படித்தாள். அரசுக் கல்லூரியில் இளங்கலைக்குப் பயிற்றுக் கட்டணம் கிடையாது, மற்ற கட்டணங்கள் சேர்ந்தும் வருடத்துக்குச் சில ஆயிரம்தான். படிப்பு முடிந்து இரண்டு வருடம் வேலைக்கே போகாமல் வீட்டில் உட்கார்ந்து படித்து குரூப் 2ஏ தேறினாள். என்னைவிடக் கெட்டிக்காரி என்று சொல்ல மாட்டேன். அவளுக்கு அந்த இரண்டு வருடம் இருந்தது, எனக்கு இல்லை. எம்.ஏ.வைக்கூட நான் தொலைதூரக் கல்வியில்தான் முடித்தேன்.

2018-ல் மதுரைப் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் ஆங்கில ஆசிரியையாகச் சேர்ந்தேன். கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான், ஆனால் இதை எழுதாமல் விட எனக்கு மனம் வரவில்லை. வங்கிக் கணக்கில் 18,000 போடுவார்கள். ஐந்தாம் தேதிக்குள் அதில் 5,000-ஐ எடுத்து, கவரில் வைத்து, கவர்மேல் பெயர் எழுதாமல் அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். ஏட்டில் முழுச் சம்பளம். அசல் சான்றிதழ்கள் அவர்கள் பீரோவில். ஒரு மாதம் கவர் கொடுக்கத் தாமதமானதற்கு, பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் பார்க்க என்னை வராந்தாவில் நிற்க வைத்துக் கேட்டார்கள். இன்றும் அந்தத் தெரு வழியாக நான் போவதில்லை.

2020-ல் அந்தச் சம்பளமும் நின்றது. ரிசர்வ் வங்கி மார்ச்சிலிருந்து ஆகஸ்ட் வரை தவணையைத் தள்ளிப்போட அனுமதித்தது, நானும் தள்ளினேன். வட்டி நிற்கவில்லை, 21,000 சொச்சம் ஏறியது. கடைசியில் 2025 ஏப்ரலில்தான் கணக்கை முடித்தேன்.

மானியம் இருக்குமே என்பீர்கள். 2009-ல் மத்திய அரசு கொண்டுவந்த வட்டி மானியம் வருட வருமானம் 4.5 லட்சத்துக்கு உட்பட்ட குடும்பங்களுக்குத்தான், ஆனால் தொழிற்படிப்புக்கும் தொழில்நுட்பப் படிப்புக்கும் மட்டும். பி.ஏ.வுக்கு இல்லை. வருமான வரியில் கல்விக் கடன் வட்டிக்குக் கழிவு உண்டு, வரி வரம்பையே தொடாத சம்பளக்காரிக்கு அதனால் என்ன? 2024-ல் வந்த பி.எம். வித்யாலக்ஷ்மி என்ற மத்திய அரசின் கல்விக் கடன் திட்டத்தில், வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்தால் 10 லட்சம் வரையிலான கடனுக்கு 3 சதவீத வட்டிச் சலுகைக்கு வழி இருக்கிறது. ஆனால் கல்லூரி அந்தத் திட்டத்தின் பட்டியலில் இருக்க வேண்டும், ஆள் எண்ணிக்கைக்கும் வரம்பு உண்டு. சேருவதற்கு முன்பே பட்டியலைப் பாருங்கள்.

அரசுக் கலைக் கல்லூரிகளுக்கு இணையத்தில் ஒரே விண்ணப்பம்தான், முதலில் அதைப் போடுங்கள். நீங்கள் ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் புதுமைப் பெண் அல்லது தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 வரும். பஸ்ஸுக்கும் புத்தகத்துக்கும் அது ஆகும். தனியார் கல்லூரிதான் என்று முடிவானால், விடுதி இல்லாமல் போய்வரக்கூடிய தூரத்தில் பாருங்கள். என் கடனில் பாதிக்குமேல் விடுதியும் சாப்பாடும்தான்.

கடன் வாங்கியே தீர வேண்டும் என்றால், படிக்கும்போதே வட்டியை மட்டும் மாதாமாதம் கட்டுகிறோம் என்று வங்கியில் சொல்லுங்கள். அப்படிக் கட்டுகிறவர்களுக்கு வட்டியில் ஒரு சதவீதம் வரை குறைக்கவும் விதியில் இடமுண்டு. என் கணக்கில் அது முதல் வருடம் மாதம் 1,200, அடுத்த வருடம் 2,400, மூன்றாம் வருடத்திலிருந்து 3,600. கட்டியிருந்தால் அசல் 3,60,000-லேயே நின்று, தவணை 6,355 ஆகியிருக்கும். முதல் வருடத்து 1,200-ஐயாவது அப்பா எப்படியும் புரட்டியிருப்பார். யாரும் எங்களிடம் கேட்கவே இல்லை.