பி.வி.சி. குழாயில் ஹைட்ரஜன்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: அறிவியல் கண்காட்சிக்காக நானும் அண்ணனும் பிளாஸ்டிக் குழாயில் தண்ணீரைப் பிரிக்கும் கருவி செய்கிறோம். இரண்டு கம்பிகளையும் ஒரே குழாய்க்குள் வைத்து, மேலே ஒரே டியூபில் வாயுவை எடுத்துவிடலாம் என்கிறான் அண்ணன். நிறைய நுரை வருகிறது. அப்படியே செய்யலாமா ஐயா?
- ஒன்பதாம் வகுப்பு மாணவி, மன்னவனூர்

வேண்டாம்மா. முதலில் அந்த டியூபைக் கழற்றி வைத்துவிட்டு மேற்கொண்டு படி.

ஒரே குழாய் என்றால் இரண்டு பங்கு ஹைட்ரஜனும் ஒரு பங்கு ஆக்சிஜனும் கலந்தே வெளியே வரும். எரிவதற்கு வேண்டிய எல்லாம் அதற்குள்ளேயே இருக்கிறது, வெளிக்காற்றுகூடத் தேவையில்லை. நம் கொடைக்கானல் மலைக் குளிரில் ஸ்வெட்டரைக் கழற்றும்போது சடசடவென்று ஒரு பொறி தெறிக்குமே, அது போதும் பற்றிக்கொள்ள. பி.வி.சி. வெடித்தால் சில்லு சில்லாகச் சிதறும். கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் சமாச்சாரமில்லை இது.

வாயுக்களைப் பிரித்து எடுப்பதுதான் இந்தக் கருவியின் உயிர். அதற்கு இரண்டு கால் வேண்டும். ஒன்றரை இஞ்ச் குழாயில் ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூடுதலாக இரண்டு துண்டு வெட்டுங்கள். கீழே ஆளுக்கொரு எல்போ (வளைவு இணைப்பு), நடுவில் வாய் மேல் நோக்கிய ஒரு டீ (T வடிவ இணைப்பு). அந்த வாயைச் சிறிதாக்க ரெட்யூசர் போட்டு, கொத்தனார்கள் மட்டம் பார்க்கும், கண்ணாடிபோல் உள்ளே தெரியும் பிளாஸ்டிக் டியூபைச் செருகி, இரண்டு கால்களையும்விட உயரமாக நிறுத்துங்கள். அதன் மேல்வாய் திறந்தே இருக்கட்டும். 1866இல் ஜெர்மன் வேதியியலாளர் ஹாஃப்மன் கண்ணாடியில் செய்த கருவியும் இதே மூன்று கால் அமைப்புதான். பி.வி.சி. பசையான சால்வென்ட்டால் ஒட்டி ஒரு நாள் காயவிட்ட பிறகே தண்ணீர் ஊற்ற வேண்டும்.

இரண்டு கால்களின் தலையிலும் எண்ட் கேப். ஒவ்வொன்றிலும் ஒரு எவர்சில்வர் பட்டை, ஒரு சிறு வாயு டியூப், சுற்றிலும் எம்சீல். பழைய கரண்டிக் காம்பே போதும். காந்தம் ஒட்டாததாகப் பார்த்து எடுங்கள், அதுதான் துருவை அதிகம் தாங்கும். செம்பு ஒயர் மட்டும் கரைசலில் படவே கூடாது, அரித்துப்போகும். பட்டையின் நுனி எல்போவுக்கு நான்கு விரல் மேலேயே நிற்கட்டும். கீழே இறங்கினால் குமிழி அடுத்த காலுக்குள் நழுவிவிடும்.

கரைசலுக்கு மழைநீர், லிட்டருக்கு முப்பது கிராம் சலவை சோடா. பன்னிரண்டு வோல்ட் பேட்டரி போதும். வழியில் ஒரு ஃபியூஸ் கட்டாயம். அது இல்லாமல் ஒயர் இரண்டும் தொட்டுக்கொண்டால் கையைச் சுட்டுவிடும். கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது நுரை குறைந்துவிட்டதே என்று அண்ணன் சொல்வான். உண்மைதான். தண்ணீரைப் பிரிக்கக் கணக்குப்படி 1.23 வோல்ட் போதும். பட்டைகள் தள்ளிப் போகப் போக, மீதி வோல்ட்டில் பெரும்பகுதி கரைசலைத் தாண்டுவதிலேயே செலவாகிறது. தொழிற்சாலைகளில் மெல்லிய சவ்வு ஒன்றை நடுவில் வைத்துப் பட்டைகளை நெருக்கிவிடுகிறார்கள். நமக்கு ஒரு சோதனைக் குழாய் நிறைய கால் மணியோ அரை மணியோ ஆகட்டும், பரவாயில்லை.

நடுவிலுள்ள மட்ட டியூபின் மேல் எப்போதும் ஒரு கண் இருக்க வேண்டும். வாயு போகும் வழி அடைத்துக்கொண்டால் அந்தக் காலில் கரைசல் கீழே தள்ளப்பட்டு, டியூபில் மட்டம் ஏறும். ஏறினால் உடனே ஒயரைக் கழற்று. விட்டுவிட்டால் மட்டம் எல்போ வரை இறங்கி, வாயு அந்தப் பக்கம் போய்க் கலந்துவிடும்.

நெகட்டிவ் பக்கம் பொடிப்பொடியாக, பால்போல் எழும்புவது ஹைட்ரஜன். பாசிட்டிவ் பக்கம் பட்டையில் ஒட்டி நின்று பெரிதாகி விடுபடுவது ஆக்சிஜன். தொடக்கத்தில் ஆக்சிஜன், ஹைட்ரஜனின் அளவில் பாதிக்கும் குறைவாக இருந்தால் கசிவு என்று பயப்படாதே. கொஞ்சம் தண்ணீரில் கரைகிறது, கொஞ்சம் உலோகம் எடுத்துக்கொள்கிறது. சற்று நேரம் ஓடவிட்டு, பிறகு அளந்து பார். ஹைட்ரஜனுக்குத் தீக்குச்சி காட்டுவதை ஆசிரியர் செய்யட்டும், அதுவும் ஒரு சோதனைக் குழாய் அளவுக்கு மட்டும்.

கண்காட்சியில் இதையும் எழுதி வை: ஒரு ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினால் சென்னை வெயிலில் அரை லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாகவே ஹைட்ரஜன் கிடைக்கும். நம் மலையில் அது அரை லிட்டரைத் தாண்டும். எடை ஒன்றுதான், இங்கே காற்றழுத்தம் குறைவு என்பதால் இடம் அதிகம் பிடிக்கிறது. கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் 1912 முதல் ஹைட்ரஜன் ஒளியில் சூரியனைப் படம்பிடித்து வைத்திருக்கிறார்கள். உன் டியூபில் வருவதும் அதே ஹைட்ரஜன்தான் என்று வருகிறவர்களிடம் சொல்லு.

கேள்வி: மழைக்காலத்தில் மண் சரிந்து பாதை அடைத்தால் கேஸ் சிலிண்டர் வர நாளாகிறது. தோட்டத்தில் சோலார் இருக்கிறது. இந்த முறையில் அடுப்பெரிக்க வழி உண்டா?
- காபி விவசாயி, தாண்டிக்குடி

ஐயா, உங்கள் கஷ்டம் எனக்குப் புரிகிறது, பண்ணைக்காடு ஊரிலும் அதே கதைதான். ஆனால் கணக்கைப் பாருங்கள். 14.2 கிலோ சிலிண்டரில் சுமார் 180 யூனிட் அளவுக்கு வெப்பம் இருக்கிறது. அதே வெப்பத்துக்கு ஐந்தரை கிலோ ஹைட்ரஜன் வேண்டும். நல்ல தொழிற்சாலைக் கருவிக்கே கிலோவுக்கு ஐம்பது யூனிட்டுக்கு மேல் மின்சாரம் ஆகும், ஆக மொத்தம் 280 யூனிட்டுக்குக் குறையாது. வீட்டில் செய்ததற்கு இன்னும் எவ்வளவோ கூடும். அதே சமையலை இண்டக்‌ஷன் அடுப்பில் செய்ய 130 யூனிட் போதும்.

சேர்த்து வைப்பது இன்னொரு பாடு. அந்த ஹைட்ரஜனை அழுத்தாமல் வைத்தால், பத்தடிக்குப் பத்தடி அறைகள் கிட்டத்தட்ட மூன்று நிறையும். பி.வி.சி. குழாயில் அடைத்து அழுத்துவதை யார் சொன்னாலும் கேட்காதீர்கள். கேஸ் அடுப்பின் பர்னரும் இதற்கு ஒத்துவராது, தீ டியூபுக்குள்ளேயே பின்னால் ஓடும். பகல் வெளிச்சத்தில் ஹைட்ரஜன் தீ கண்ணுக்கே சரியாகத் தெரியாது. சோலார் இருக்கும்போது ஒரு பேட்டரியும் இண்டக்‌ஷனும் வாங்கிவிடுங்கள், மழை மாதங்களைத் தைரியமாகத் தாண்டலாம்.

கேள்வி: ஜீப்பில் இதை மாட்டினால் காட் ரோட்டில் மைலேஜ் கூடும் என்கிறார்களே?
- ஓட்டுநர், பெருமாள்மலை

கூடாது தம்பி. தண்ணீரைப் பிரிக்கும் மின்சாரம் ஆல்டர்னேட்டரிலிருந்து வருகிறது, ஆல்டர்னேட்டரைச் சுற்றுவது டீசல். போட்டதைவிடக் குறைவாகத்தான் திரும்பி வரும். அந்தப் பணத்துக்கு டயர் காற்றையும் ஏர் ஃபில்டரையும் ஒழுங்காகப் பாருங்கள்.

கேள்வி: சோடாவுக்குப் பதில் சமையல் உப்பைப் போட்டேன். ஒரு மாதிரி நெடி வந்தது, தண்ணீர் மஞ்சளாகிவிட்டது. ஓடையில் கொட்டிவிடலாமா?
- கல்லூரி மாணவர், வில்பட்டி

கொட்டாதீர்கள். அந்த நெடி குளோரின். உடனே இணைப்பை எடுத்துவிட்டு ஜன்னல்களைத் திறங்கள். மஞ்சள் நிறம் எவர்சில்வரிலிருந்து கரைந்த இரும்பாக இருக்கலாம், குரோமியமாகவும் இருக்கலாம். குரோமியத்தின் ஒரு வகை நஞ்சு. நம் ஓடைத் தண்ணீர் கீழே போய் யாரோ குடிக்கிற தண்ணீர். கையுறை போட்டு, மூடியுள்ள பிளாஸ்டிக் கேனில் ஊற்றி, மேலே என்னவென்று எழுதி, உங்கள் கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் ஒப்படையுங்கள். கழிவை அவர்கள் அதற்குரிய முறையில் பார்த்துக்கொள்வார்கள். பட்டைகளை மாற்றிவிட்டு, அடுத்த முறை சலவை சோடாவில் தொடங்குங்கள்.