“கால் வெடித்திருக்கிறது” என்பது சரியான தமிழா? வெடிப்பது என்றால் பட்டாசும் குண்டும்தானே?

நீங்கள் நகரத்தில் வளர்ந்தவராக இருக்க வேண்டும். கோபித்துக்கொள்ளாதீர்கள், என் மகனும் இதையேதான் கேட்டான். சரியான தமிழ்தான். ஆனால் அந்தத் தமிழைப் பேசியதற்காக என் அப்பா அரை நாள் அலைந்தார்.

குடியாத்தம் பக்கம் எங்கள் ஊர். ஒரு சித்திரையில் அப்பாவுக்குக் குதிகால் ரத்தம் கசியும் அளவுக்கு வெடித்துவிட்டது. வேலூரில் ஒரு மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். சீட்டு எழுதும் இடத்தில் வெளிமாநிலத்துப் பையன், ஆசையாகத் தமிழ் கற்றுக்கொண்டிருந்தவன்.

“என்ன ஆயிற்று, ஐயா?”

“கால் வெடித்துவிட்டது தம்பி.”

“எங்கே வெடித்தது?”

“கொல்லையில்தான்.”

வெடி விபத்து என்று எழுதி அவசரப் பிரிவுக்கு அனுப்பிவிட்டான். குவாரியில் பாறைக்கு வெடி வைக்கிற பக்கம்தானே, அவனைக் குறை சொல்ல முடியாது. குனிந்து காலை ஒருமுறை பார்த்திருக்கலாம் என்றுதான் சொல்கிறேன். கடைசியில் விசாரிக்க வந்த உள்ளூர்க் காவலர், அப்பாவின் குதிகாலைப் பார்த்துவிட்டு, “எங்கள் வீட்டிலும் இப்படித்தான், வேப்பெண்ணெய் தடவுங்கள்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் தமிழாசிரியன் அல்லன். இலக்கணம் காட்டித் திருத்த வருகிறவர்கள் வரலாம். ஆனால் எங்கள் ஊரில் ‘ஏரி உடைந்தது’ என்றால் கரை போய் ஊருக்குள் வெள்ளம். ‘ஏரி வெடித்துக் கிடக்கிறது’ என்றால் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. களிமண் ஈரம் போகப் போகச் சுருங்கும், இழுபட்டுப் பாளம் பாளமாகப் பிளக்கும். சத்தமே இருக்காது. குதிகாலும் அப்படித்தான். இலவங்காய் வெடிப்பதும் சத்தம் போட்டா? அப்படியிருந்தால் இலவு காத்த கிளி முன்பே பறந்திருக்கும். உள்ளே இருப்பதைத் தாங்க முடியாமல் மேல்தோல் பிளந்தாலும் வெடிப்புதான், காய்ந்து சுருங்கிப் பிளந்தாலும் வெடிப்புதான்.

செய்தித்தாளில் போராட்டம் வெடிப்பது முதல் வகை. வேலூர்க் கோட்டையில் 1806 ஜூலை 10 விடிவதற்குள் சிப்பாய்ப் புரட்சி வெடித்ததே, அது. புதுத் தலைப்பாகை கட்ட வேண்டும், நெற்றிக்குறி கூடாது, தாடி கூடாது என்று வெள்ளைக்கார அதிகாரிகள் மாதக்கணக்கில் அடைத்து வைத்தது அன்று பிளந்தது. 1857இல் மீரட்டில் வெடித்த புரட்சிக்கு 51 ஆண்டு முந்தியது. நான் படித்த பள்ளியில் இதற்கு அரைப் பக்கம், 1857க்கு ஒரு முழுப் பாடம். அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் தீரவில்லை.

அன்று விசாரணை முடிந்து வெளியே வந்தபோது எங்கள் ஊர்ப் பஸ் போய்விட்டது. வெடித்த காலோடு அப்பா ஒன்றரை மணி நேரம் நின்றார். மதியத்தில் இன்னொரு பஸ் விடுங்கள் என்று மூன்று முறை மனு கொடுத்தோம். இன்னும் விடவில்லை.