வேகத்தடைக்கு வீட்டுக்கு 500 ரூபாய் கேட்கிறார்கள், கொடுக்கலாமா?

கேள்வி: ஐயா, நாங்கள் கும்பகோணம் பக்கம். என் மகள் கல்லூரிக்குச் சைக்கிளில்தான் போகிறாள். பதினொன்றாம் வகுப்பில் அரசாங்கம் கொடுத்த அதே சைக்கிள். பஸ் ஸ்டாப்பிலிருந்து கல்லூரி வாசல் வரை அரைக் கிலோமீட்டருக்கு நடைபாதை கிடையாது. ஸீப்ரா கோடு எப்போதோ அழிந்துவிட்டது. டிப்பரும் டவுன் பஸ்ஸும் பறக்கின்றன. போன மாதம் அவள் தோழியை ஒரு பைக் தட்டிவிட்டு நிற்காமல் போய்விட்டது, முழங்கால் சில்லு உடைந்தது. வேகத்தடை கேட்டு மனு கொடுத்தோம். ‘இது எங்க ரோடு இல்ல’ என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இப்போது ஒருவர் வந்து, வீட்டுக்கு 500 ரூபாய் வசூல் செய்து கொடுத்தால் ஒரே வாரத்தில் இரண்டு வேகத்தடை போட்டுத் தருகிறேன் என்கிறார். எங்கள் பகுதியில் 120 வீடு. பாதிப் பேர் கொடுக்கத் தயார். கொடுக்கலாமா? வேறு வழி உண்டா?

பதில்: கொடுக்காதீர்கள் அம்மா. மற்றதெல்லாம் அப்புறம்.

120 வீடு, 500 ரூபாய் என்றால் 60,000 ரூபாய். அந்த ஆளிடம் ஒரே ஒரு காகிதம் கேளுங்கள்: இந்தச் சாலையில் வேலை செய்ய எந்த அலுவலகம் அனுமதி கொடுத்தது? காட்ட மாட்டார். ‘ஆபீஸ்ல கவனிக்கணும்’ என்பார். நெடுஞ்சாலைப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான், இது எப்படி நடக்கும் என்று எனக்குத் தெரியும். பக்கத்தில் எங்கோ ஒட்டுப்போடும் வேலை நடக்கும். அதில் மிச்சமான தார்க் கலவையை ராத்திரி ஒரு வண்டியில் ஏற்றி வந்து கொட்டுவார்கள். ரோலர் கிடையாது, மண்வெட்டியால் தட்டிவிட்டுப் போவார்கள். விடிந்து பார்த்தால் சாலைக்குக் குறுக்கே ஒரு வரப்பு. வெள்ளைக் கோடு இல்லை, எச்சரிக்கைப் பலகை இல்லை.

முதல் வாரம் எல்லோருக்கும் சந்தோஷம். இரண்டாவது வாரம் இருட்டில், அப்படி ஒன்று இருப்பதே தெரியாத வெளியூர்க்காரர் மனைவியைப் பின்னால் உட்கார வைத்து வருவார். அந்த அம்மா தூக்கி வீசப்படுவார். போலீஸ் வந்து ‘இதைப் போட்டது யார்?’ என்று கேட்கும்போது துறை கையை விரிக்கும், பணம் வாங்கிப் போட்டவர் போன் அணைந்திருக்கும். மிஞ்சுவது உங்கள் தெருவின் வசூல் நோட்டு மட்டும்தான். இதை ஓர் ஊரில் நான் நேரிலேயே பார்த்தேன். நோட்டு எழுதியவர் ஓய்வு பெற்ற வாத்தியார், பாவம், ஸ்டேஷனுக்கு நடையாய் நடந்தார்.

இன்னொரு வகை ஆள் கறுப்பு மஞ்சள் ரப்பர் பட்டையோடு வருவார். அது இன்னும் மோசம். ஆறு மாதத்தில் பாரம் ஏறிய லாரிச் சக்கரத்தில் ரப்பர் பிய்ந்துவிடும், தரையில் அடித்த போல்ட் மட்டும் நட்டுக்கொண்டு நிற்கும். சைக்கிள் டயருக்கு அதைவிட எதிரி இல்லை. மூன்றாவது வகை, நகைக்கடை விளம்பரம் போட்ட தடுப்புகள். பகலில் அழகாக இருக்கும். ஒளிரும் பட்டை உரிந்துபோனால் ராத்திரி அது சாலை நடுவில் நிற்கும் இரும்புச் சுவர்.

சரி, முறையான வேகத்தடை என்றால் என்ன? இந்தியச் சாலைக் குழுமம் வைத்த அளவின்படி அகலம் 3.7 மீட்டர், உயரம் 10 சென்டிமீட்டர். 25 கிலோமீட்டர் வேகத்தில் வருபவர் இடுப்பு ஒடியாமல் ஏறி இறங்கலாம். 40 மீட்டருக்கு முன்னாலேயே பலகை இருக்க வேண்டும். நம் தெருக்களில் இருப்பதோ ஒரு முழ அகலமும் அரைச் சாணுக்கு மேல் உயரமும். இதில் கார்க்காரர் பிரேக் போடுவார். பைக்காரர் போட மாட்டார். மழைத்தண்ணீர் வடிய ஓரத்தில் விட்ட சந்து வழியாக வளைந்து போவார். அந்த ஓரத்தில்தான் உங்கள் மகளும் தோழிகளும் நடந்து வருகிறார்கள். தடை போட்டதால் பைக் அவர்கள் பக்கம் திரும்புகிறது, அவ்வளவுதான் பலன்.

அதுவும் உங்கள் சாலை தேசிய நெடுஞ்சாலையாக இருந்தால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. அங்கிருக்கும் வேகத்தடைகளை எடுக்கச் சொல்லி மத்திய அமைச்சகம் 2016-லேயே எழுதிவிட்டது. எனவே முதலில் தெரிய வேண்டியது, சாலை யாருடையது என்பது.

கிலோமீட்டர் கல்லின் தலையைப் பாருங்கள். மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை, விக்கிரவாண்டி–தஞ்சாவூர் சாலை மாதிரி. பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை, கல்லணை–பூம்புகார் சாலை மாதிரி. இரண்டும் இல்லையென்றால் மாவட்டச் சாலையாகவோ மாநகராட்சி, ஒன்றியச் சாலையாகவோ இருக்கும். ஆனால் கல்லை மட்டும் நம்பாதீர்கள். புறவழிச்சாலை வந்ததும் ஊருக்குள் இருக்கும் பழைய சாலை கை மாறும், கல்லின் நிறத்தை மாற்ற யாருக்கும் ஞாபகம் வராது.

‘எங்க ரோடு இல்ல’ என்ற பதிலுக்கு மருந்து 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை. 2005 தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். கேள்வி சின்னதாக இருக்கட்டும்: இந்த வாசலிலிருந்து இந்த நிறுத்தம் வரை உள்ள சாலையின் பெயர் என்ன, எண் என்ன, பராமரிப்பது எந்த அலுவலகம், கடைசியாகத் தார் போட்டது எப்போது? இந்த மனுவுக்கு ‘எங்க ரோடு இல்ல’ என்று சொல்லித் தப்பிக்க முடியாது. அவர்களிடம் தகவல் இல்லையென்றால், யாரிடம் இருக்கிறதோ அவர்களுக்கு 5 நாளுக்குள் அவர்களே அனுப்ப வேண்டும் என்கிறது பிரிவு 6(3). பதிலுக்குக் கெடு 30 நாள். மூன்று அலுவலகப் படிக்கட்டு ஏறுகிற வேலையை ஒரு வில்லை செய்துவிடும். இதற்கும் ‘நான் எழுதித் தருகிறேன், 1,500 கொடுங்க’ என்று வாசலில் ஆள் உட்கார்ந்திருப்பார். வெள்ளைத்தாளில் நீங்களே எழுதுங்கள், உங்கள் மகள் எழுதினால் இன்னும் நல்லது.

இதில் ஒரு விதிவிலக்கைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், டெல்டாவுக்கென்றே இருக்கும் தொல்லை அது. உங்கள் சாலை, அல்லது மகள் குறுக்கு வழியாகப் போகும் சாலை, ஆற்றங்கரையிலோ வாய்க்கால் கரையிலோ ஓடினால் கணக்கே வேறு. தார் போட்டது ஒன்றியமாகவோ மாநகராட்சியாகவோ இருக்கலாம். கரை நீர்வளத் துறையுடையது. விளக்குக் கம்பமோ தடுப்புக் கம்பியோ நட வேண்டுமென்றால் தார் போட்டவர் நீர்வளத் துறையிடம் தடையின்மைச் சான்று வாங்க வேண்டும். அவர்கள் ‘கரை பலவீனமாகும்’ என்பார்கள், அது பொய்யும் இல்லை. அப்புறம் காலம். வழக்கப்படி மேட்டூரில் ஜூன் 12-இல் தண்ணீர் திறந்து ஜனவரி 28-இல் மூடுவார்கள். தண்ணீர் ஓடும்போது கரையில் தோண்ட விடமாட்டார்கள். வேலை நடக்கக்கூடியது மாசியிலிருந்து வைகாசி வரைதான். அந்த நாலு மாதத்தில்தான் தூர்வாரும் பணியும் நடக்கும். பொக்லைன் கரை மேலேயே ஓடும், அள்ளிய வண்டலைச் சாலையிலேயே குவிப்பார்கள். ஆகவே வாய்க்கால் கரைக்கு ஏதாவது வேண்டுமென்றால் மனு மார்கழிக்குள் போய், மதிப்பீடு தைக்குள் தயாராக வேண்டும். சித்திரையில் மனு கொடுத்தால் அடுத்த சித்திரைதான். அதுவரை செலவில்லாத ஒன்றைக் கேளுங்கள்: வளைவுகளில் எதிரே வருவதை மறைக்கும் சீமைக்கருவேலத்தை வெட்டச் சொல்லுங்கள். இதற்குக் கரையைத் தோண்ட வேண்டியதில்லை.

சாலை யாருடையது என்று தெரிந்தபின் என்ன கேட்பது? ‘வேகத்தடை’ என்று மொட்டையாகக் கேட்காதீர்கள். மூன்று காரியம் கேளுங்கள்.

முதலாவது பஸ் நிறுத்தத்தை இடம் மாற்றுவது. பஸ் கல்லூரி வாசலுக்கு நேராக நிற்கிறதா? இறங்கும் பிள்ளைகள் அதன் மூக்குக்கு முன்னால் புகுந்து சாலையைக் கடப்பார்கள், பஸ்ஸை முந்தும் பைக்காரருக்கு அவர்கள் தெரியவே மாட்டார்கள். கடக்கும் இடத்தைத் தாண்டி 20, 30 மீட்டர் தள்ளி பஸ் நின்றால் பிள்ளைகள் பஸ்ஸின் பின்பக்கம் கடப்பார்கள். இதற்கு ஒரு பலகையை மாற்றி நட்டால் போதும். இவ்வளவு மலிவான வேலைக்கு யாரும் டெண்டர் விட முடியாது, அதனால்தான் யாரும் செய்வதில்லை என்று எனக்கு ஒரு சந்தேகம்.

இரண்டாவது உயர்த்திய ஸீப்ரா. தட்டையான மேடை, இரண்டு பக்கமும் சரிவு, சாலையின் முழு அகலத்துக்கும், ஓரத்தில் சந்து விடாமல். மழைத்தண்ணீருக்கு அடியில் குழாய் வைத்துக்கொள்ளலாம். இதன் நோக்கம் வேகத்தை 30-க்குக் கொண்டுவருவது. ஏன் 30 என்றால், காய்ந்த தார்ச்சாலையில் 30-இல் வரும் வண்டி, ஓட்டுபவர் பார்த்து, யோசித்து, பிரேக் அழுத்தி நிற்பதற்குச் சுமார் 13 மீட்டர் ஓடும். 60-இல் வந்தால் 37 மீட்டர். ஐப்பசி மழையில் இன்னும் கூடும். வேகம் இருமடங்காகும்போது தூரம் ஏறக்குறைய மூன்று மடங்கு ஆகிறது, பிள்ளை ஓடினாலும் தப்ப முடியாது.

மூன்றாவது சாலையின் ஓரம். பழைய தாருக்கு மேலேயே புதுத் தார், அதற்கு மேல் இன்னொன்று என்று போட்டுப் போட்டுச் சாலை திட்டு மாதிரி உயர்ந்துவிட்டது, பக்கத்து மண் அரை அடி கீழே கிடக்கிறது. லாரி ஹாரன் அடித்தால் சைக்கிள்காரர் எங்கே இறங்குவார்? அதுவும் நம் களிமண்ணில்? பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிது போட வேண்டும் என்று தலைமைச் செயலாளர் 2021-இல் எல்லாத் துறைக்கும் எழுதினார். சுரண்டும் இயந்திரம் எத்தனை ஊருக்கு வந்தது என்று உங்கள் ஊரிலேயே கேட்டுப் பாருங்கள். மனுவில் அந்த உத்தரவைக் குறிப்பிட்டு, ஓர மண்ணை அணைத்துக் கெட்டிப்படுத்தக் கேளுங்கள். அறுவடைக் காலத்தில் நெல் காய்கிற பாதிச் சாலையைப் பற்றி விவசாயியிடம் சண்டைக்குப் போகாதீர்கள். களம் இல்லாமல் அவர் எங்கே கொண்டுபோவார்? படுதாவுக்குக் காவலாக வைத்த கல்லை எடுத்துவிட்டுப் போங்கள் என்று மட்டும் சொல்லுங்கள்.

நடைபாதையும் கேட்கலாம், ஆனால் ஒரு பொறி இருக்கிறது. நடைபாதை என்றதும் முதலில் வாசலில் இருக்கும் டீக்கடையையும் பழச்சாற்று வண்டியையும் தூக்குவார்கள். மறுவாரம் அந்த இடத்தில் பைக் நிறுத்தியிருப்பார்கள். மாலை ஆறரைக்குப் பெண் பிள்ளைகள் பஸ்ஸுக்கு நிற்கும்போது அங்கே இருக்கும் ஒரே வெளிச்சமும் நாலு மனிதர்களும் அந்தக் கடைதான். மனுவிலேயே ‘கடைகளுக்கு இடம் ஒதுக்கி, நடக்க 1.8 மீட்டர் தடையில்லாமல்’ என்று எழுதுங்கள்.

இனி, எதை ஆதாரமாகக் காட்டுவது? இங்கேதான் எனக்கு எரிச்சல் வரும். ‘விபத்துக் கரும்புள்ளி’ என்று ஒரு கணக்கு உண்டு. தேசிய நெடுஞ்சாலையில் ஏறக்குறைய 500 மீட்டருக்குள் மூன்று ஆண்டில் உயிரிழப்போ படுகாயமோ உள்ள 5 விபத்து, அல்லது 10 சாவு. அதற்குப் பிறகுதான் அந்த இடம் கோப்பில் ஏறும். மற்ற சாலைகளிலும் அதிகாரிகளின் மனக்கணக்கு இதுதான். பத்தாவது பிணம் விழும்வரை ஒன்பது வீட்டில் அழுதது எண்ணிக்கையா? சாலையைத் தவறாக அமைத்தால் பொறுப்பானவர்களுக்கு ஒரு லட்சம் வரை அபராதம் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தில் 198ஏ என்று ஒரு பிரிவே வந்தது. யாரும் கட்டியதாக என் காதுக்கு எட்டவில்லை.

அந்தக் கணக்குக்குள் நுழைய வேண்டுமானால் காயம் பதிவாக வேண்டும். தோழியின் முழங்காலுக்குப் போலீஸ் புகார் கொடுத்தார்களா? பெரும்பாலும் ‘எதுக்கு வம்பு’ என்று விட்டிருப்பார்கள். இப்போதாவது கொடுக்கச் சொல்லுங்கள். மோதிய வண்டி கடைசிவரை யாருடையது என்றே தெரியாமல் போனாலும் படுகாயத்துக்கு 50,000 ரூபாய் இழப்பீடு 2022 ஏப்ரலிலிருந்து உண்டு. அதற்கும் பதிவு வேண்டும். ஆனால் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கே வந்து வெற்றுத்தாளில் கையெழுத்து கேட்கும் ‘கேஸ் பிடிக்கிறவர்’ கையில் சிக்க வேண்டாம். கிடைப்பதில் பாதி அவருடையது, மீதிக்குச் செலவுக் கணக்கு காட்டுவார்.

பதிவோடு ஓர் எண்ணிக்கையும் வைத்துக்கொள்ளுங்கள். கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் நான்கு பேர் ஒரு வாரம், காலை எட்டரை முதல் ஒன்பதரை வரை நின்று எண்ணட்டும்: எத்தனை பேர் கடந்தார்கள், எத்தனை சைக்கிள், எத்தனை முறை வண்டி உரசப் பார்த்தது. முதல்வர் கையெழுத்திட்ட ஒரு பக்கக் கடிதம், இந்த எண்கள், நாலு போட்டோ. திங்கள்கிழமை மக்கள் குறைதீர் நாளில் ஆட்சியரிடம் கொடுத்து, ‘மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவில் வைக்கவும்’ என்று முதல் வரியிலேயே எழுதுங்கள். அந்தக் குழுவுக்கு அவர்தான் தலைவர். போலீஸ், போக்குவரத்து, நெடுஞ்சாலை எல்லோரும் ஒரே மேசையில் இருப்பதால் ‘எங்க ரோடு இல்ல’ என்று எதிரில் இருப்பவரைப் பார்த்துச் சொல்ல வேண்டியிருக்கும். 2028 மகாமகத்துக்குச் சாலைப் பணிகள் பட்டியல் போடுவார்கள், உங்கள் அரைக் கிலோமீட்டரையும் அதில் சேர்க்கக் கேளுங்கள். ஊரே கோயில் தெருக்களைக் கேட்கும்போது கல்லூரி வாசலை நீங்கள்தான் கேட்க வேண்டும்.

அதுவரை மகளிடம் சொல்லுங்கள்: தார் முடியும் விளிம்பை ஒட்டி ஓட்ட வேண்டாம், இரண்டு அடி உள்ளே தள்ளி நேராக ஓட்டட்டும். விளிம்பில் போனால்தான் இடித்துக்கொண்டு முந்துவார்கள், சக்கரமும் பள்ளத்தில் இறங்கும். பின்னால் ஒரு சிவப்பு விளக்கு இருக்கட்டும். நடக்கும் பிள்ளைகள் எதிரே வரும் வண்டிகளைப் பார்த்தபடி வலது ஓரமாக நடக்கட்டும்.

வசூல்காரர் மறுபடி வந்தால், சேர்த்த பணத்தில் 10 ரூபாய்க்கு வில்லை வாங்கிவிட்டோம், மீதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம் என்று சொல்லி அனுப்புங்கள். தீபாவளிக்கு முந்தைய திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் கூட்டம் குறைவாக இருக்கும். அன்றே போய்விடுங்கள்.