பழைய பள்ளி எமிஸ் எண்ணை விட மறுக்கிறதா?

கேள்வி: என் மகள் ஐந்தாம் வகுப்பு வரை தனியார் மெட்ரிக் பள்ளியில் படித்தாள். கட்டணம் கட்ட முடியாமல் ஜூனில் அரசு மேல்நிலைப் பள்ளியில் ஆறாம் வகுப்பில் சேர்த்துவிட்டோம். பழைய பள்ளியில் பாக்கி 18,000 ரூபாய் கட்டினால்தான் டிசி தருவோம், எமிஸில் இருந்தும் விடுவிப்போம் என்கிறார்கள். பக்கத்து பிரவுசிங் சென்டர்காரர் 3,000 ரூபாய் கொடுத்தால் எமிஸை மாற்றித் தருகிறேன் என்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள், அம்மா. அந்த 3,000 ரூபாயில் பிள்ளைக்கு நல்ல செருப்பும் பையும் வாங்கிக் கொடுங்கள்.

எமிஸ் என்பது பள்ளிக் கல்வித் துறையின் கணினிப் பதிவேடு. பழைய நாளில் தலைமையாசிரியர் பீரோவில் பூட்டி வைத்திருந்த சேர்க்கைப் பதிவேடுதான் இப்போது அங்கே இருக்கிறது. அதைத் திறக்கும் சாவி பள்ளிகளிடமும் கல்வி அலுவலகங்களிடமும் மட்டுமே உண்டு. வெளியாள் யாருக்கும் கிடையாது. பழைய பள்ளி உங்கள் மகளை விடுவித்தால் அவள் பெயர் ‘காமன் பூல்’ என்கிற பொதுப் பட்டியலுக்கு வரும். புதுப் பள்ளி அங்கிருந்து எடுத்துத் தன் வகுப்பில் சேர்த்துக்கொள்ளும். இவ்வளவுதான் வேலை, ஐந்து நிமிடம்.

டிசி விஷயத்தில் சட்டம் உங்கள் பக்கம். கல்வி உரிமைச் சட்டம் 2009, ஐந்தாம் பிரிவைப் பாருங்கள். பிள்ளை வேறு பள்ளிக்குப் போனால் தலைமையாசிரியர் உடனே டிசி தர வேண்டும். இழுத்தடித்தால் அவர் மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கலாம். டிசி வரவில்லை என்று புதுப் பள்ளி சேர்க்கையைத் தள்ளிப்போடவும் கூடாது. கட்டணம் வசூலிக்கும் கருவி அல்ல டிசி என்று சென்னை உயர் நீதிமன்றமும் 2024 ஜூலையில் சொல்லிவிட்டது. பாக்கி இருந்தால் பள்ளி அதைத் தனியாகச் சட்டப்படி கேட்டுக்கொள்ளட்டும். பிள்ளையைப் பிணையாக வைப்பது அடகுக் கடை வேலை.

முதலில் புதுப் பள்ளியின் தலைமையாசிரியரிடம் போங்கள். பழைய அடையாள அட்டையிலோ மதிப்பெண் அட்டையிலோ எமிஸ் எண் இருக்கும். அதைக் கொடுத்து, ‘சார், பாப்பா இப்போ எந்தப் பள்ளியில காட்டுது, பாருங்க’ என்று கேளுங்கள். பழைய பள்ளியில் காட்டினால் விடுவிக்கக் கேட்டு அவரையே கோரிக்கை அனுப்பச் சொல்லுங்கள். கூடவே டிசி கேட்டுப் பழைய பள்ளிக்கு ஒரு கடிதம் எழுதி விரைவு அஞ்சலில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். பத்து நாளில் அசையவில்லையா? அந்தக் கடித நகலோடு மாவட்டக் கல்வி அலுவலர் (தனியார் பள்ளிகள்) அலுவலகத்தில் மனு கொடுங்கள். வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். மனுவின் நகலில் முத்திரை குத்தி வாங்குங்கள். 14417 உதவி எண்ணிலும் புகார் சொல்லலாம்.

பிரவுசிங் சென்டர்காரர் என்ன செய்வார், தெரியுமா? ஆதார் நகல் வாங்குவார், உங்கள் போனுக்கு வரும் ஓடிபியையும் கேட்பார். எங்கள் பள்ளியில் சேர வந்த ஒரு பையனின் பதிவில் பெற்றோர் கைப்பேசி என்று இருந்த எண்ணை அழைத்தேன். எடுத்தவர் அப்பா இல்லை, கடைக்காரர்! பள்ளியிலிருந்து போன எல்லாக் குறுஞ்செய்தியும் இரண்டு வருடம் அவருக்குத்தான் போயிருக்கிறது.

இன்னொரு வலை பள்ளிக்குள்ளேயே இருக்கிறது. ‘எதுக்கும்மா அலையுறீங்க, புது அட்மிஷன்னு போட்டு வேற நம்பர் எடுத்துக்கலாம்’ என்று யாராவது சொல்வார்கள். கெட்ட எண்ணம் இல்லை, பாவம், அவசரம். ஆகஸ்ட் 1 நிலவரப்படி தலை எண்ணித்தான் ஆசிரியர் பணியிடம் நிர்ணயிக்கிறார்கள். ஒரு பிள்ளை குறைந்தாலும் உபரி என்று ஆசிரியரைத் தூக்கிவிடுவார்களோ என்ற பயம். ஒப்புக்கொள்ளாதீர்கள். ஒரே பிள்ளைக்கு இரண்டு எண் வந்துவிட்டால் இன்றைக்குப் பாடப்புத்தகம் வரும், பிறகு பத்தாம் வகுப்பில் தலைவலி வரும்.

உங்களுக்கு இது ஏன் முக்கியம் என்றால், மகள் இப்போது ஆறாம் வகுப்பு. கல்லூரியில் படிக்கும்போது மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமானாலும், மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத ஒதுக்கீடானாலும், ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தாளா என்றுதான் பார்ப்பார்கள். ஆறாம் வகுப்பில் பாதி வருடம் தனியார் பள்ளியில் இருந்ததாகப் பதிவு காட்டினால், அன்றைக்கு விளக்கம் கொடுத்து அலைய வேண்டியது நீங்கள்தான்.

இதில் ஒரு விதிவிலக்கு. மகள் அந்தப் பள்ளியில் ஆர்.டி.இ. சீட்டில், அதாவது கல்வி உரிமைச் சட்டப்படி தரும் 25 சதவீத இலவச இடத்தில் படித்தவளா? நீங்கள் எழுதவில்லை. அப்படியானால் கணக்கே வேறு. ஆறு முதல் எட்டு வரை ஆர்.டி.இ. சீட்டில் தனியார் பள்ளியிலும், ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலும் படித்தாலும் அந்த இரண்டு சலுகைக்கும் தகுதி உண்டு. ஆனால் கவனியுங்கள்: தாளாளர் இரக்கப்பட்டுக் கட்டணத்தைக் குறைத்தது ஆர்.டி.இ. ஆகாது. அண்ணன் ஆர்.டி.இ.யில் சேர்ந்ததால் தங்கைக்கும் அதே என்பதும் ஆகாது. அரசு இணையதளத்தில் விண்ணப்பித்து, தேர்வாகி, அந்தப் பிள்ளையின் பெயரிலேயே இடம் கிடைத்திருக்க வேண்டும். கிடைத்திருந்தால் 18,000 ரூபாய் கல்விக் கட்டண பாக்கி என்று பள்ளி கேட்பதே தப்பு; மனுவில் அதையும் முதல் வரியில் எழுதுங்கள்.

எனக்கு எரிச்சல் வருவது வேறு இடத்தில். ஒரு பிள்ளைக்கு ஆதார் எண், எமிஸ் எண், மத்திய அரசின் பென் எண், அபார் எண் என்று நான்கு எண்கள். சிக்னலுக்காக மாடிப்படியில் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஆசிரியர் தினமும் வருகை போடுகிறார். இத்தனை தகவல் கையில் இருந்தும், ஒரு பெயர் ஒரு பள்ளியிலிருந்து அடுத்த பள்ளிக்கு நகர ஒரு தாய் மனு எழுத வேண்டியிருக்கிறது. சேர்க்கை நடந்த ஏழாம் நாள் தானாக நகரும்படி செய்ய எந்தக் கணினிக்கு வலிக்கிறது?

பெயர் மாறி வந்ததும் தலைமையாசிரியரின் திரையில் ஒருமுறை பாருங்கள். தமிழ்ப் பெயர், ஆங்கில எழுத்து, இனிஷியல், பிறந்த தேதி நான்கையும் பிறப்புச் சான்றிதழோடு வைத்து விரலால் தொட்டுச் சரிபாருங்கள். யாழினி என்ற பிள்ளை யழினி ஆகிக் கிடந்ததை நான் திருத்தியிருக்கிறேன். பத்தாம் வகுப்புத் தேர்வுக்கான பெயர்ப்பட்டியலை இங்கிருந்துதான் எடுக்கிறார்கள்; இன்றைக்கு ஒரு விண்ணப்பத்தில் முடிகிற திருத்தம் மதிப்பெண் சான்றிதழ் அச்சான பிறகு லேசில் நடக்காது.