தட்டினால்தான் எரிகிற டார்ச்: சுவிட்சை மாற்றும் முன் இதைப் பாருங்கள்

வாசகர் கேள்வி: என்னிடம் கையடக்கமான எல்.இ.டி. டார்ச் ஒன்று இருக்கிறது. அலுமினிய உடம்பு, மூன்று சின்ன பென்சில் செல், பின்பக்கம் ரப்பர் பொத்தான். வாங்கி இரண்டு வருடம் ஆகிறது. இப்போதெல்லாம் நாலு தடவை அழுத்தினால் ஒரு தடவை எரிகிறது. இராத்திரி மும்முனை மின்சாரம் வரும்போது மோட்டார் போட வயலுக்குப் போவேன். வரப்பில் நடக்கும்போதே அணைந்துவிடுகிறது, உள்ளங்கையில் தட்டினால் மறுபடி எரிகிறது. சில நேரம் தானாகவே மங்கலாகிறது, இல்லையென்றால் மினுக்கத் தொடங்குகிறது. புது செல் போட்டும் அப்படியேதான். சுவிட்சை மட்டும் மாற்ற முடியுமா?

பதில்: முடியும். ஆனால் சுவிட்ச் வாங்கக் கடைக்குப் போவதற்கு முன் ஒரு சோதனை செய்துவிடுங்கள். ‘சுவிட்ச் போச்சு’ என்று என்னிடம் வந்த டார்ச்களில் பெரும்பாலானவற்றில் சுவிட்ச் நன்றாகவே இருந்தது. அதைச் சுற்றியிருந்த ஏதோ ஓர் இடத்தில்தான் அழுக்கோ தளர்வோ இருந்தது. தட்டினால் எரிகிறது என்று நீங்கள் எழுதியிருப்பதும் அதையே காட்டுகிறது. எங்கோ இரண்டு உலோகங்கள் தொட்டும் தொடாமலும் நிற்கின்றன.

இந்த வகை டார்ச்சுக்குள் வயர் என்று எதுவும் ஓடுவதில்லை. அலுமினியக் குழாயே ஒரு வயர். செல்லின் பாசிட்டிவ் முனை முன்பக்கத் தலையைத் தொடுகிறது. நெகட்டிவ் முனை பின்மூடியில் இருக்கும் ஸ்பிரிங்கைத் தொடுகிறது. அங்கிருந்து மின்சாரம் சுவிட்சுக்குள் போய், மூடியின் உலோகத்துக்கு வந்து, குழாயின் விளிம்பு வழியாக உடம்பில் ஏறித் தலைக்குத் திரும்புகிறது. இந்தப் பாதையில் ஒன்றையொன்று தொட்டு நிற்கும் இடங்களை எண்ணினால் எட்டு பத்து தேறும். அதில் சுவிட்சுக்கு உள்ளே இருப்பது ஒன்றோ இரண்டோதான்.

சோதனை இதுதான். பின்மூடியை முழுவதும் கழற்றிவிடுங்கள். செல்கள் உள்ளேயே இருக்கட்டும். ஒரு விரல் நீளச் செம்புக் கம்பியின் இரு முனைகளையும் சுரண்டிக்கொள்ளுங்கள். ஒரு முனையை, மூன்று செல்களும் உட்காரும் பிளாஸ்டிக் செல் கூட்டின் நெகட்டிவ் பொட்டில் வையுங்கள். மறுமுனையைக் குழாயின் வெறும் வெள்ளி நிற விளிம்பில் அழுத்துங்கள். வண்ணம் பூசிய இடத்தில் வைத்தால் எரியாது, ஏனென்றால் அந்தக் கறுப்புப் பூச்சே மின்சாரத்தைக் கடத்தாத அலுமினிய ஆக்சைடு. கம்பியை வைத்தபடியே டார்ச்சை இலேசாகக் குலுக்குங்கள், தலைப் பக்கத்தைத் தட்டுங்கள். விளக்கு ஆடாமல் எரிந்தால் கோளாறு பின்மூடியில். இப்போதும் மினுக்கினால் பின்மூடிமேல் குற்றமில்லை, செல் கூட்டையும் தலையையும் பார்க்க வேண்டும். ஒற்றை லித்தியம் செல் போடுகிற டார்ச்சுக்கும் இதே சோதனை செல்லும். ஆனால் அந்தக் கம்பி தவறியும் செல்லின் இரண்டு முனைகளையும் ஒன்றாகத் தொட்டுவிடக் கூடாது. லித்தியம் செல் அப்படி ஷார்ட் ஆனால் தீப்பிடிக்கும்.

மங்கலாகிறது, மினுக்குகிறது என்று சொன்னீர்களே, அதற்கும் காரணம் இதுவேதான். உங்கள் டார்ச்சில் பொத்தானைப் பாதி அழுத்திவிட்டால் முழு வெளிச்சம், பாதி வெளிச்சம், மினுக்கல் என்று மாறி மாறி வரும், இல்லையா? உள்ளே இருக்கும் சின்ன சர்க்யூட், மின்சாரம் ஒரு நொடிக்கும் குறைவாக விட்டு வந்தால் ‘அடுத்ததற்குப் போ’ என்று எடுத்துக்கொள்கிறது. லூஸ் காண்டாக்டால் மின்சாரம் விட்டு வந்தாலும் அதற்கு வித்தியாசம் தெரியாது. அதனால் சர்க்யூட் கெட்டுவிட்டதோ என்று பயப்பட வேண்டாம்.

மூன்று செல் டார்ச்களில் நான் முதலில் சந்தேகப்படுவது அந்தப் பிளாஸ்டிக் செல் கூட்டைத்தான். அதன் இரண்டு தலைப்பிலும் உள்ள உலோகப் பொட்டுகள் உள்ளே இருக்கும் தகட்டோடு ரிவெட் அடித்துச் சேர்க்கப்பட்டவை. டார்ச் சூடாகிச் சூடாகிப் பிளாஸ்டிக் இளகினால் அந்த ரிவெட் ஆடத் தொடங்கும். நகத்தால் அசைத்துப் பாருங்கள். ஆடினால் புதுக் கூடு வாங்குவதே நல்லது. விலையும் குறைவு. ஆடவில்லையென்றால் செல்களைத் தாங்கும் தகட்டு நாக்குகளையும் ஸ்பிரிங்குகளையும் ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு வெளியே இழுத்துவிட்டால் போதும்.

சரி, கோளாறு பின்மூடியில் என்று தெரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மூடியின் உட்புறத்தைப் பாருங்கள். ஸ்பிரிங்கைச் சுற்றி ஒரு உலோக வளையம், அதில் எதிரெதிரே இரண்டு வெட்டுகளோ துளைகளோ இருக்கும். சுவிட்சைப் பிடித்து நிறுத்துவது அந்த வளையம்தான். சுவிட்சிலிருந்து மூடிக்கு மின்சாரம் போவதும் அதன் வழியாகத்தான். பொத்தானை ஆயிரக்கணக்கான தடவை அமுக்கும்போது அது மெல்ல மெல்லத் தளர்ந்துவிடும். பின்மூடிக் கோளாறுகளில் நான் மிக அதிகமாகப் பார்ப்பது இதைத்தான். மூக்குக் குறட்டின் இரு நுனிகளையும், குறடு இல்லையென்றால் சின்னக் கத்தரிக்கோலின் நுனிகளையும் அந்த வெட்டுகளில் வைத்து வலப்பக்கமாகத் திருகி இறுக்குங்கள். ஒரு சில டார்ச்களில் மரை தலைகீழாக இருக்கும், அங்கே இடப்பக்கம் திருக வேண்டும். இறுக்கிவிட்டு மூடியைப் போட்டுப் பாருங்கள். பல பேருக்கு வேலை இத்துடன் முடிந்துவிடும். வளையமே இல்லாமல் சுவிட்சைப் பிளாஸ்டிக் துண்டோடு சேர்த்து அடைத்திருந்தால், ரப்பர் பொத்தான் பக்கமிருந்து பென்சிலின் பின்புறத்தால் தள்ளினால் வெளியே வரும்.

இறுக்கியும் சரியாகவில்லையென்றால் சுத்தம் செய்ய வேண்டும். இங்கே கொஞ்சம் நிதானம் தேவை, ஏனென்றால் டார்ச்சைச் சரிசெய்யப் போய் நிரந்தரமாகக் கெடுப்பது இந்தக் கட்டத்தில்தான். தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். விட்டதும் ஒரு வாரம் நன்றாக எரியும், அப்புறம் அந்த எண்ணெயில் தூசி சேர்ந்து பழைய நிலையை விட மோசமாகும். பெட்ரோலும் வேண்டாம், ரப்பர் ஊதிப்போகும். ஸ்பிரிங்கை உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதும் தவறு. ஸ்பிரிங் எஃகு, அதன்மேல் இருப்பது மெல்லிய நிக்கல் பூச்சு. அதை உரித்துவிட்டால் அடுத்த மழைக்காலத்தில் துரு ஏறிவிடும். பென்சில் அழிக்கும் ரப்பரால் ஸ்பிரிங்கின் நுனியையும், குழாயின் விளிம்பையும், மூடிக்குள் அந்த விளிம்பு உட்காரும் இடத்தையும் தேயுங்கள். பிறகு ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் (சீக்கிரம் உலர்ந்துவிடும் சுத்தம் செய்யும் திரவம்) தொட்ட துணியால் துடையுங்கள். மரையில் கறுப்பாக மசி மாதிரி படிந்திருந்தால் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் அதையும் எடுத்துவிடுங்கள். அது அலுமினியம் தேய்ந்து உதிர்ந்த பொடி.

வெள்ளையாகவோ பச்சையாகவோ களிம்பு பூத்திருந்தால் செல் ஒழுகியிருக்கிறது. எந்தச் செல் ஒழுகியது என்பதைப் பார்த்து மருந்தை முடிவு செய்யுங்கள். ஆல்கலைன் செல்லிலிருந்து வருவது காரம், பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. அதற்கு வினிகரோ எலுமிச்சைச் சாறோ ஒரு துளி பட்ஸில் தொட்டுத் தடவினால் இலேசாக நுரைத்துக் கரையும். பெட்டிக்கடையில் குறைந்த விலைக்குக் கிடைக்கும் சாதா ஜிங்க் கார்பன் செல்லின் கசிவு அமிலத்தன்மை கொண்டது. அதன்மேல் எலுமிச்சை தடவினால் அமிலத்தோடு அமிலம் சேர்ந்ததுதான் மிச்சம். அதற்கு ஆப்ப சோடாவைத் தண்ணீரில் கரைத்துத் தொட்டு எடுங்கள். எதைப் போட்டாலும் ஈரத் துணியால் துடைத்து, ஆல்கஹால் தடவி, ஒரு நாள் காயவிட்டுத்தான் செல் போட வேண்டும். வெறும் கையால் அந்தப் பொடியைச் சுரண்டாதீர்கள்.

இப்போது மின்தடையை அளக்கும் மல்டிமீட்டர் இருந்தால் சுவிட்சையே விசாரித்துவிடலாம். மூடியைத் தனியாக வைத்து, ஒரு முனையை ஸ்பிரிங்கிலும் மற்றதைக் குழாய் தொடும் உலோகத்திலும் வையுங்கள். பீப் சத்தத்தை நம்பாதீர்கள். நிறைய மீட்டர்கள் மின்தடை முப்பது ஓம் இருந்தால்கூடப் பீப் அடிக்கும். 200 ஓம் அளவில் வைத்து எண்ணைப் பாருங்கள். முதலில் மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டு வரும் எண்ணைக் குறித்துக்கொண்டு, அதைக் கழித்துக்கொள்ளுங்கள். நல்ல சுவிட்சில் மிச்சம் ஏறக்குறைய பூஜ்யம். இருபது தடவை அழுத்தி அழுத்திப் பாருங்கள். ஒவ்வொரு தடவையும் வெவ்வேறு எண் வந்தால், அல்லது ஒரு ஓமுக்கு மேல் நின்றால், சுவிட்ச் தேய்ந்துவிட்டது. ஒரு ஓம் என்பது கொஞ்சம்தானே என்று தோன்றும். டார்ச் அரை ஆம்பியர் இழுத்தால் அந்த ஒரு ஓம் அரை வோல்ட்டைத் தின்றுவிடும். மூன்று செல்லும் புதிதாக இருக்கும்போது 4.5 வோல்ட், வெள்ளை எல்.இ.டி.க்கு வேண்டியது ஏறக்குறைய 3 வோல்ட். நடுவில் இருக்கும் ஒன்றரை வோல்ட்டில் மூன்றில் ஒரு பங்கு சுவிட்சிலேயே போய்விடுகிறது. செல் பழசாகப் பழசாக இது இன்னும் உறைக்கும்.

தேய்ந்த சுவிட்சுக்குக் காண்டாக்ட் கிளீனர் ஸ்பிரே ஒரு தற்காலிக மருந்து. செல்லை எடுத்துவிட்டு, பொத்தானின் ஓரத்து இடைவெளியில் துளி விட்டு, முப்பது நாற்பது தடவை அழுத்தி, நன்றாகக் காயவிடுங்கள். சில மாதம் ஓடும். சுவிட்சையே பிரித்து உள்ளே இருக்கும் செம்புத் தகட்டைத் தேய்ப்பவர்களும் உண்டு. அப்படிப் பிரிப்பதானால் கண்ணாடி போன்ற பாலிதீன் பைக்குள் கையை விட்டுப் பிரியுங்கள், இல்லாவிட்டால் உள்ளிருக்கும் குட்டி ஸ்பிரிங் தெறித்துக் காணாமல் போகும். என்னைக் கேட்டால் அந்த உழைப்புக்கு மாற்றிவிடுவதே மேல், அதுவும் நீங்கள் இருட்டில் வரப்பில் நடக்கிறவர்.

மாற்றும்போது பழைய சுவிட்சைக் கையோடு எடுத்துப் போங்கள். சென்னையில் ரிட்சி தெரு மாதிரி எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கேட்டுப் பார்க்கலாம். விட்டமும் பொத்தானின் உயரமும் ஒத்துப்போக வேண்டும். உயரம் ஒரு மில்லிமீட்டர் குறைந்தாலும் ரப்பரை அழுத்தும்போது சரியாகப் பிடிக்காது. சால்டரிங் தேவைப்பட்டால் மூன்று நொடிக்கு மேல் சூடு வைக்காதீர்கள், பிளாஸ்டிக் இளகிச் சுவிட்ச் உள்ளேயே ஒட்டிக்கொள்ளும். மூடும்போது ஓ-ரிங்கில் (தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) சிலிக்கோன் கிரீஸ் மெல்லிய படலமாகத் தடவுங்கள். குழாயின் வெறும் விளிம்பில் மட்டும் அது படக் கூடாது, அங்கேதான் மின்சாரம் கடக்கிறது.

முடித்ததும் டார்ச்சை எரியவிட்டு உள்ளங்கையில் இருபது தடவை நன்றாகத் தட்டுங்கள், பிறகு பத்து நிமிடம் சூடாகும்வரை அப்படியே விடுங்கள். அந்த நேரம் முழுவதும் ஒரு தடவைகூட மினுக்காமல் எரிந்தால் வயலுக்கு எடுத்துப் போகலாம். அதுவரை இராத்திரியில் வேறு விளக்கை எடுத்துக்கொண்டு போங்கள். இதைப் பையில்கூட நம்பி வைத்துக்கொள்ள வேண்டாம்.