ராத்திரி எட்டு மணிக்கும் உச்சிவெயில் எதற்கு?

வீட்டு உள்ளமைப்பு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: 780 சதுர அடி ஃபிளாட். போன வருஷம்தான் ஃபால்ஸ் சீலிங், டிவி யூனிட் எல்லாம் செய்தோம். ஹால் பத்துக்குப் பதினாலு. பார்க்கப் பளிச்சென்று இருக்கிறது. ஆனால் ஆபீஸ் விட்டு வந்து உட்கார்ந்த அரை மணியில் எல்லாருக்கும் சிடுசிடுப்பு, எனக்குத் தலைவலி. மனசுக்கு அமைதி தருகிற பெயிண்ட் கலர் எது? (படம் இணைத்துள்ளேன்.)
– வாசகி, அம்பத்தூர்

பதில்: பெயிண்ட் டப்பாவை இப்போதைக்குத் திறக்க வேண்டாம். படத்தில் எண்ணிப் பார்த்தோம். சீலிங்கில் 12 டவுன்லைட், எல்லாமே வெள்ளை வெளிச்சம். ஒவ்வொன்றும் 12 வாட் என்றால் சுமார் 1,100 லூமன் (வெளிச்சத்தை அளக்கும் அலகு), மொத்தம் 13,000-க்கு மேல். 140 சதுர அடி ஹாலில் இது எழுத்து வேலை நடக்கும் ஆபீஸ் மேசைக்குத் தேவையான அளவு. ஆபீஸிலிருந்து கிளம்பி இன்னொரு ஆபீஸுக்குள் வந்து உட்காருகிறீர்கள்.

பல்ப் பெட்டியில் 6500K என்று போட்டிருக்கும். நடுப்பகல் வெளிச்சத்தின் நிறம் அது. இந்த K எண் குறையக் குறைய மஞ்சள், கூடக் கூட வெள்ளை. நீலம் தூக்கலான இந்த வெளிச்சம் மாலையில் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தால் தூக்கத்தை வரவழைக்கும் மெலடோனின் சுரப்பது தள்ளிப்போகும். ஹாலுக்கும் படுக்கையறைக்கும் 2700K அல்லது 3000K போதும். சமையலறை, பிள்ளையின் படிப்பு மேசை இரண்டுக்கும் 4000K வையுங்கள். அங்கேயும் மஞ்சள் போட்டால் காய் நறுக்கவும் அரிசியில் கல் பார்க்கவும் சிரமம். ஒரே பார்வையில் வெள்ளையும் மஞ்சளும் சேர்ந்து தெரிந்தால் மஞ்சள் பக்கம் அழுக்கடைந்த மாதிரி இருக்கும், கலக்காதீர்கள்.

முதல் வேலையாக எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு 12 விளக்கையும் மூன்று ஸ்விட்சாகப் பிரிக்கச் சொல்லுங்கள். இப்போது ஒன்றிலிருந்து ஒன்றுக்கு லூப் அடித்திருப்பார்கள். ஸ்விட்ச்போர்டிலிருந்து கூடுதலாக இரண்டு ஃபேஸ் ஒயர் இழுத்தால் போதும், விளக்கு ஓட்டை வழியாகவே முடியும், சீலிங்கை உடைக்க வேண்டியதில்லை. விருந்தாளி வந்தால் எல்லாம் எரியட்டும், மற்ற நாளில் நான்கு. சோபாவுக்கு நேர் மேலே இருப்பதை அந்த நான்கில் சேர்க்காதீர்கள். சாய்ந்து உட்கார்ந்தால் கண்ணுக்குள் இறங்கும். பளபள லேமினேட்டில் தெரியும் பிரதிபலிப்பும் உறுத்தும், ஷோகேஸை ஒட்டிய விளக்குகளையும் தனி ஸ்விட்சுக்கு மாற்றுங்கள்.

தட்டத் தட்ட நிறம் மாறும் 'த்ரீ இன் ஒன்' டவுன்லைட்டைக் கடைக்காரர் நீட்டுவார். ஒற்றை விளக்கென்றால் வாங்கலாம். ஒரே ஸ்விட்சில் நான்கைந்து போட்டால், கரண்ட் விட்டு விட்டு வரும்போது ஒன்று வெள்ளையிலும் ஒன்று மஞ்சளிலும் போய் நிற்கும். மறுபடி ஒன்று சேர்ப்பதற்குள் எரிச்சல்தான் மிச்சம்.

பிறகு சோபா ஓரத்தில் ஒரு ஸ்டாண்டு விளக்கு, 7 வாட், 2700K. ஷேடின் கீழ் விளிம்பு உட்கார்ந்தவரின் கண் மட்டத்தில், தரையிலிருந்து 40 அங்குலம் வாக்கில் இருந்தால் பல்ப் தெரியாது. எட்டு மணிக்கு மேல் ஹாலுக்கு இதுவும் சீலிங்கில் அந்த நான்கும் தாராளம்.

தலைவலிக்கு இன்னொரு சோதனை உண்டு. மொபைலில் ஸ்லோமோஷன் வீடியோ வைத்து விளக்கை எடுங்கள். படபடவென்று துடிப்பது தெரிந்தால் டிரைவர் மட்டம். சீலிங்குக்கு மேல் கிடக்கும் சின்ன டப்பா அது. அதை மட்டும் மாற்றினாலே சரியாகலாம். அப்படியும் வலி நிற்காவிட்டால் கண் டாக்டரிடம் போங்கள்.

இனி நிறம். விளக்கை மாற்றி ஒரு வாரம் பொறுத்துப் பாருங்கள், பழைய சுவரே பிடித்துப்போகலாம். அப்படியும் அடிக்க வேண்டுமென்றால் இரண்டடிக்கு இரண்டடி அட்டையில் அடித்துச் சுவரில் சாய்த்து, காலை, மதியம், விளக்கு வைத்த பிறகு என மூன்று வேளையும் பாருங்கள். ஷேட் கார்டில் வெளிறித் தெரியும் நிறம் நான்கு சுவரிலும் ஏறியதும் அடர்த்தியாகிவிடும், ஒரு படி வெளிறியதையே எடுங்கள். மேட் ஃபினிஷ் நல்லது. பளபளப்பு பெயிண்டில் டவுன்லைட் பட்டால் பட்டி பார்த்த மேடுபள்ளம் எல்லாம் தெரியும்.

கேள்வி: அப்பா தவறி எட்டு மாதம் ஆகிறது. ஊர் வீட்டைப் பூட்டிவிட்டு அம்மாவை அழைத்து வந்துவிட்டோம். பின்பக்க அறையில் புதுக் கட்டில், எட்டு அங்குல மெத்தை, தனி டிவி எல்லாம் வைத்தும் அறையை விட்டு வெளியே வருவதே இல்லை. அறையை இன்னும் எப்படி நன்றாக்கலாம்?
– வாசகர், மதுரை

பதில்: அறை நன்றாகத்தான் இருக்கிறது, இடம்தான் தோதுப்படவில்லை. திண்ணையில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துப் பழகியவருக்குப் பின்கட்டும் டிவியும் தந்திருக்கிறீர்கள். முன்பக்க ஜன்னலோரம் கை வைத்த நாற்காலி ஒன்று போடுங்கள். உட்காருமிடம் 17, 18 அங்குல உயரம் இருக்கட்டும். வாசலும் தெரிய வேண்டும், அடுப்படிச் சத்தமும் காதில் விழ வேண்டும். பக்கத்தில் ஒரு முக்காலி இருந்தால் கீரை ஆயும் முறத்தை வைத்துக்கொள்வார்.

கட்டிலை அளந்து பாருங்கள். 14 அங்குலக் கட்டிலில் உங்கள் மெத்தை ஏறினால் 22 அங்குலம். ஐந்தடி உயர அம்மாவுக்குக் கால் தரையில் படாது. ராத்திரி எழுந்து இறங்கவே பயமாக இருக்கும், வாய்விட்டுச் சொல்லமாட்டார். நாலு அங்குல தேங்காய்நார் மெத்தை போட்டால் 18-க்கு இறங்கிவிடும். பாத்ரூம் வழியில் முழங்காலுக்குக் கீழே ஒரு வாட் மஞ்சள் விளக்கு, கட்டிலில் இருந்தபடியே கை எட்டும் டூ-வே ஸ்விட்ச் இரண்டும் வேண்டும்.

ஊரில் விட்டுவந்த டிரங்குப் பெட்டியையும் அஞ்சறைப் பெட்டியையும் எடுத்து வாருங்கள். சமையலறையில் இடுப்புக்கும் தோளுக்கும் நடுவே ஒரு தட்டை அவருடையது என்று விட்டுவிடுங்கள். யாரும் அதை ஒழுங்குபடுத்தக் கூடாது, முக்கியமாக மருமகள். அப்பா படம் எங்கே மாட்டுவது என்பதை அவரே சொல்லட்டும். படுத்தால் நேரெதிரே தெரிவது சிலருக்கு ஆறுதல், சிலருக்குத் தூக்கம் போகும்.

சாப்பாடும் தூக்கமும் வாரக்கணக்கில் குறைந்தே இருந்தால் நாற்காலி மாற்றிப் பயனில்லை. டாக்டரைப் பாருங்கள். மத்திய அரசின் மனநல உதவி எண்ணான டெலி-மானஸ் 14416-ல் தமிழிலேயே பேசலாம்.

கேள்வி: வாடகை வீடு. கணவருக்கு நைட் ஷிஃப்ட், பகலில் தூக்கம் வருவதில்லை. கனமான திரை போட்டும் சத்தம் குறையவில்லை.
– வாசகி, திருப்பூர்

பதில்: திரை அறைக்குள் எதிரொலியைத்தான் அடக்கும், தெருச் சத்தத்தைத் தடுக்காது. காற்று புகும் இடுக்கு வழியேதான் சத்தமும் வரும். கதவடிச் சந்துக்கு ஃபோம் உருளை, ஜன்னல் சட்டத்தைச் சுற்றி ரப்பர் டேப் ஒட்டுங்கள். இரண்டும் கழற்றக்கூடியவை, ஓனர் கேட்கமாட்டார். மிக்ஸி மேடை படுக்கையறைச் சுவரை ஒட்டியிருந்தால் அடியில் தடித்த ரப்பர் விரிப்பு போடுங்கள். குறைந்த வேகத்தில் ஃபேன் 'ம்ம்ம்' என்று இரைந்தால் திருகு ரெகுலேட்டர்தான் காரணமாக இருக்கும், கெபாசிட்டர் வகை ஸ்டெப் ரெகுலேட்டர் மாற்றினால் அடங்கும். திரை ஜன்னலைத் தாண்டி இருபுறமும் ஆறு அங்குலம் போக வேண்டும். மேலே கம்பிக்கும் சுவருக்கும் நடுவே கசியும் வெளிச்சத்தை ஒரு முழத் துணி மறைத்துவிடும்.

கேள்வி: படுக்கையறையில் நாலு மணிபிளான்ட் வைத்தால் காற்று சுத்தமாகி மனம் லேசாகுமாமே?
– வாசகர், கோவை

பதில்: 1989-ல் நாசா வெளியிட்ட சோதனையிலிருந்து கிளம்பிய பேச்சு அது. இறுக மூடிய சின்னப் பெட்டிக்குள் செடியை வைத்துப் பார்த்தது. காற்று வந்துபோகும் அறையில் நாலு செடி செய்வதைவிட, காலையில் ஜன்னலைப் பத்து நிமிஷம் திறப்பது அதிகம் செய்யும். பச்சையைப் பார்த்தால் கண்ணுக்கு இதம், அதற்காகத் தாராளமாக வையுங்கள். பாட்டில் தண்ணீரில் வளர்ப்பதானால் வாரம் ஒருமுறை கொட்டி, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் ஊற்றுங்கள். டெங்கு கொசு முட்டை பாட்டிலின் உட்சுவரில்தான் ஒட்டியிருக்கும், தண்ணீரை மட்டும் மாற்றினால் போகாது.