கையால் வரைந்த நகல் – கடிதம்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

டச்சு ஓவியர் வெர்மீரின் ‘முத்துத் தோடு அணிந்த பெண்’ ஓவியத்தின் நகல் ஒன்றைக் கையால் வரைந்து தரச்சொல்லி ஓர் ஓவியரிடம் பேசியிருக்கிறேன். நண்பர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கிறது. “கேன்வாஸில் பிரிண்ட் போட்டால் அச்சு அசலாக வரும், செலவும் குறைவு. இன்னொருத்தர் வரைந்தால் முகமே மாறிப்போகும். எப்படியும் போலிதானே” என்கிறார்கள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. நான் செய்வது அசட்டுத்தனமா? முன்பணம் கொடுப்பதற்குள் அவரிடம் என்னவெல்லாம் கேட்டுக்கொள்ள வேண்டும்?

ம.

அன்புள்ள ம.,

அசட்டுத்தனமே இல்லை. அந்தப் ‘போலி’ என்ற சொல்லை முதலில் எடுத்துவிடுங்கள். அசல் என்று சொல்லி விற்றால்தான் அது போலி. நகல் என்று சொல்லியே வரைவது, ஓவியர்கள் காலங்காலமாகத் தொழில் படித்த வழி. பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இன்றும் அனுமதி வாங்கி, அசலுக்கு எதிரிலேயே உட்கார்ந்து வரையலாம். நகலின் அளவு அசலோடு ஐந்தில் ஒரு பங்காவது கூடவோ குறையவோ வேண்டும், அசலில் உள்ள கையெழுத்தைப் போடக்கூடாது. அவ்வளவு தெளிவாகக் கோடு கிழித்திருக்கிறார்கள்.

நகல் மட்டுமே மிஞ்சிய கதையும் உண்டு. லண்டன் வைட்ஹால் அரண்மனைச் சுவரில் 1537இல் ஹோல்பைன் என்ற ஓவியர் இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றியை வரைந்தார், காலை அகட்டி நம்மை நேராக முறைக்கிற அந்தக் கோலம். 1698இல் அரண்மனை எரிந்தது, சுவரோடு ஓவியமும் போயிற்று. வான் லீம்புட் என்ற ஓவியர் 1667இல் சின்ன அளவில் ஒரு நகல் எடுத்து வைத்திருந்தார். அந்தச் சுவர் முழுவதும் எப்படி இருந்தது என்பதை இன்று அந்த நகலில்தான் பார்க்கிறோம்.

சரி, பிரிண்ட்டுக்கு வருவோம். முகச்சாயலில் பிரிண்ட்தான் ஜெயிக்கும், உங்கள் நண்பர்கள் சொல்வது உண்மை. ஆனால் அது எடுப்பது ஓவியத்தின் கடைசி மேல்தோலை மட்டும். பெரிதாக்கிய படம் ஒன்றில் அந்தத் தோட்டை மட்டும் பாருங்கள். காதில் மாட்டும் கொக்கி இல்லை. முத்துக்கு விளிம்புக்கோடு என்று சொல்லும்படியும் எதுவும் இல்லை. மேலே கெட்டி வெள்ளையில் ஒரு தொடுதல். அடியில், வெள்ளைக் காலரின் ஒளி பட்ட மாதிரி, மங்கலான இன்னொரு வெள்ளை. நடுவில் இருப்பது பெரும்பாலும் கழுத்து நிழல்தான். மிச்ச முத்தை நம் கண்ணே உருட்டிக்கொள்கிறது. கெட்டியான வெள்ளையையும் மங்கலான வெள்ளையையும் அச்சு ஒரே கனத்தில் பரப்பிவிடும். நல்ல ஓவியர் நிழலை முடித்து, காயவிட்டு, அப்புறம் அந்த இரண்டு தொடுதலையும் வைத்துவிட்டுக் கையை எடுத்துவிடுவார். நான் இதை முயன்று பார்த்தபோது ஒரு சனிக்கிழமை முழுக்க முத்துதான் வரைந்தேன். சுற்றி வட்டம் போட்ட ஒவ்வொரு முறையும் அது கோலிக்குண்டு ஆகிவிட்டது.

இப்போது, நீங்கள் முடிவு செய்யவேண்டிய பெரிய கேள்வி. எந்தக் காலத்து ஓவியத்தை நகல் எடுக்கப் போகிறீர்கள்? இந்தப் படம் ஏறத்தாழ 1665இல் வரைந்தது. 2018இல், நெதர்லாந்தின் ஹேக் நகரில் அது இருக்கும் மௌரிட்ஸ்ஹாயிஸ் அருங்காட்சியகத்தில், கருவிகளை வைத்து அதை அங்குலம் அங்குலமாக ஆராய்ந்தார்கள். நாம் கறுப்பு வெற்றிடம் என்று நினைத்திருந்த பின்னணியில் மடிப்பு விழுந்த பச்சைத் திரை ஒன்று இருந்திருக்கிறது. அவுரி நீலமும் ஒரு செடியின் மஞ்சளும் கலந்து கண்ணாடி போல மெல்லியதாகப் பூசிய பச்சை அது. காலப்போக்கில் அந்தச் சாயங்கள் மங்கி, அடியிலிருந்த கருமைதான் மிஞ்சியது. கண்ணுக்குத் தெரியாமல் போயிருந்த இமை முடிகளும் அந்த ஆராய்ச்சியில் தெரிந்தன. ஆக, கறுப்பில் வரைந்தால் முந்நூற்றைம்பது வருட வயதையும் சேர்த்து வரைகிறோம்.

நானாக இருந்தால் பச்சையைத்தான் கேட்பேன். மடிப்பெல்லாம் வேண்டாம், அதில் ஊகம் அதிகம். கறுப்பு காய்ந்தபின் மேலே மிக மெல்லிய ஒரு பச்சைப் பூச்சு போதும். கன்னத்தின் சிவப்பு அப்போது எப்படி எழுந்து வருகிறது என்று பாருங்கள். இதை அச்சு இயந்திரத்திடம் கேட்க முடியாது, மனிதரிடம்தான் கேட்க முடியும்.

ஓவியரிடம் வேலையின் ஒவ்வொரு கட்டத்திலும் புகைப்படம் கேளுங்கள்: கோட்டுருவம், அடிவண்ணம், பாதி முடிந்த முகம். இதைக் கறாராகச் சொல்லக் காரணம் உண்டு. சில வருடங்களுக்கு முன் ‘கையால் வரைந்தது’ என்ற பேரில் எனக்கு ஒரு ரெம்ப்ராண்ட் நகல் வந்தது. ஜன்னலோரம் சாய்த்துப் பிடித்ததும் விஷயம் தெரிந்துவிட்டது. பிரஷ் தடங்கள் பளபளவென்று இருந்தன, ஆனால் மூக்குக்கும் மீசைக்கும் சம்பந்தமே இல்லாமல் குறுக்கே ஓடின. பூதக்கண்ணாடியில் பார்த்தால் முகம் முழுக்க மைப்புள்ளிகள். பிரிண்ட் போட்டு, மேலே நிறமில்லாத ஜெல்லைத் தடவி அனுப்பியிருந்தார்கள். அன்றைக்கு வந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

காலக்கெடுவையும் கேளுங்கள். எண்ணெய் வண்ணத்தில் ஒரு பூச்சு காய்ந்த பிறகே அடுத்தது ஏறவேண்டும், மேலே போகப்போக எண்ணெய் கூடவேண்டும். மாறிச் செய்தால் பிற்பாடு வெடிப்பு விடும். நாலு நாளில் முடித்துத் தருகிறேன் என்று சொல்பவரிடம் கொடுக்காதீர்கள். வந்தவுடன் வார்னிஷ் அடிக்கவும் அவசரப்பட வேண்டாம், ஆறு மாதமாவது போகட்டும். அசல் 44.5க்கு 39 சென்டிமீட்டர்தான். சுவரை நிரப்பவேண்டும் என்று இரண்டு மடங்காக்கிக் கேட்காதீர்கள். அந்தப் பெண் திரும்பிப் பார்க்கிற நெருக்கம் அந்தச் சின்ன அளவில்தான் இருக்கிறது. லூவ்ர்க்காரர்கள் மாதிரி ஐந்தில் ஒரு பங்கு குறைத்துக்கொண்டாலும் சரிதான்.

பச்சையா கறுப்பா, எது முடிவாயிற்று என்று எழுதுங்கள். அடிவண்ணக் கட்டத்துப் படம் வந்தால் எனக்கும் அனுப்புங்கள், பார்க்க ஆசையாக இருக்கிறது.